ஊழியும் தோணியும்

வெள்ளம் வாசலுக்கு வந்த பின்னர் தோணி கட்டத் தொடங்குபவனை உலகம் எள்ளி நகையாடும். ஆயினும் வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், மனித குலம் பெரும்பாலும் அவ்வாறே நடந்து வந்துள்ளது என்பது புலனாகும். வருமுன் காவாதவன் வாழ்வை நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அவர் கூறியது மன்னர்க்கு மட்டுமன்று, ஊருக்கும் பொருந்தும், எம் போன்ற சங்கங்களுக்கும் பொருந்தும்.

பேரிடரிலிருந்து உயிர் தப்புவதற்கென மனிதன் காலந்தோறும் எத்தகைய ஊர்திகளை அமைத்தான், அவற்றுள் எவை உதவின, எவை கைவிட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வடக்கிலும் கிழக்கிலும் கடலும், ஏனைய பக்கங்களில் தொண்டைமானாற்று நீரேரியும் சூழ்ந்த வடமராட்சியிற் பிறந்த எமக்கு இது வெறும் ஏட்டுப் பொருள் அன்று. பெரியோர்கள் தம் கண்ணாற் கண்டவற்றையும் யாம் நூலிற் கற்றவற்றையும் இணைத்து இங்கே எழுதத் துணிந்தோம். பிழை காணின் பொறுத்தருள்க.

பேழையும் ஓடமும்

யாம் மிசன் பள்ளியிற் கல்வி கற்றவர்கள். காலையில் வேதாகம வகுப்பிலே நோவாவின் பேழையைப் பற்றிக் கேட்போம். மாலையில் வீடு திரும்பினால் அப்பாச்சி மச்சாவதாரக் கதை சொல்லுவார். இரண்டும் ஒரு மரத்தின் இரு கிளைகளோ என்று சிறு வயதிலேயே எமக்கு ஐயம் எழுந்ததுண்டு.

நோவாவின் பேழைக்கு அளவு கூறப்பட்டிருக்கிறது. நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம், மூன்று தட்டுகள், உள்ளும் புறமும் கீல் பூச்சு. ஆனால் சுக்கானோ, பாயோ, துடுப்போ அங்கே சொல்லப்படவில்லை. போய்ச் சேர வேண்டிய துறை எதுவும் இல்லாத கலத்துக்குச் சுக்கான் எதற்கு? மிதந்தாற் போதும். நீளம் அகலத்தின் ஆறு மடங்காக அமைந்திருப்பது இக்காலத்துச் சரக்குக் கப்பல்களின் அளவுக்கு அணித்தாயிருப்பதும் கருதத் தக்கது.

இக்கதைக்கும் மூத்த கதை பாபிலோனிய நாட்டிலே களிமண் ஏடுகளில் எழுதப்பட்டுள்ளது. பிரித்தானிய அரும்பொருட்சாலை அறிஞர் இர்விங் ஃபின்கெல், ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய ஏடொன்றை வாசித்து 2014ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்த ஏட்டின்படி ஊழிக்காலக் கலம் நீண்ட கப்பல் அன்று. காவிரியிலே இன்றும் ஓடும் பரிசலைப் போன்று வட்டமானது. நாரினாற் கயிறு திரித்து, அதைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பின்னி, கீல் பூசி அமைப்பது. குறுக்களவு ஏறக்குறைய 70 மீற்றர். அதே முறையிற் சிறிய அளவில் ஒரு கலத்தைக் கேரளத்திலே கட்டி நீரில் விட்டுப் பார்த்தார்கள். அது மிதந்தது, ஆனால் கீல் செவ்வையாக அமையாமையால் நீர் கசிந்தது. ஊழித் தோணிக்கும் கீலே உயிர் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இனி எம்மவர் கதைக்கு வருவோம். சதபத பிராமணத்திலே மனுவின் கதை வருகிறது. கை கழுவக் கொண்டுவந்த நீரிலே ஒரு சிறு மீன் மனுவின் கையில் அகப்படுகிறது. "என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பேன்" என்று அது வேண்டுகிறது. அவர் அதனைக் குடத்திலும், பின் குழியிலும், பின் கடலிலும் விட்டு வளர்க்கிறார். வெள்ளம் வரும் ஆண்டை அது முன்கூட்டியே அறிவிக்கிறது. மனு ஓடம் கட்டுகிறார். வெள்ளம் எழுந்ததும் ஓடத்தின் கயிறு மீனின் கொம்பிலே கட்டப்படுகிறது. மீன் அதனை வடமலைக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே ஓடத்தை ஒரு மரத்திற் கட்டும்படியும், நீர் வடிய வடியப் படிப்படியாகவே இறங்கும்படியும் கூறுகிறது. மகாபாரதத்தில் இதே கதை வரும்பொழுது ஏழு முனிவரும் எல்லா வித்துகளும் ஓடத்தில் ஏற்றப்படுகின்றனர்.

இக்கதையை உண்மையென்று கொள்வதும் உருவகமென்று கொள்வதும் அவரவர் விருப்பம். ஆனால் உயிர் தப்புவதற்கு வேண்டிய ஐந்து உறுப்புகளும் இதிலே முறையாக வைக்கப்பட்டுள்ளன. மீன் சொன்ன சொல் முன்னறிவிப்பு, ஓடம் கலம், வித்து ஏற்றுபொருள், கொம்பிற் கட்டிய கயிறு வழிநடத்தல், வடமலை ஒதுங்குமிடம். ஐந்தில் ஒன்று குறையினும் மற்றை நான்கும் பயனற்றுப் போகும். இதுவே யாம் இக்கட்டுரையிற் சொல்ல முற்படும் செய்தி. வரலாற்று நிகழ்ச்சிகளை இந்த ஐந்தையும் அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம்.

சைவ மரபில் இன்னொரு தோணியும் உண்டு. திருஞானசம்பந்தர் அவதரித்த சீகாழிக்கு வழங்கும் பன்னிரு பெயர்களுள் தோணிபுரம் ஒன்று. ஊழி வெள்ளத்தில் இறைவன் பிரணவத்தைத் தோணியாக்கி, அறுபத்துநான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, உமையோடு வந்து தங்கிய இடம் அதுவென்பர். மனுவின் ஓடம் வித்தைக் காத்தது; நோவாவின் பேழை விலங்கைக் காத்தது; எம் தோணியப்பர் கலையைக் காத்தார். இதனை மனத்திற் கொள்க; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கட்டுமரமும் உயிர்காப்புப் படகும்

ஐந்து உறுப்புகளுள் கலமே கண்ணுக்குத் தெரிவது. ஆகவே அதனை முதலில் எடுத்துக்கொள்வோம். மூழ்காத கலம் எது? பெரிய கலம் என்று பலர் விடை கூறுவர். எமது கரையோர மக்களைக் கேட்டால் கட்டுமரம் என்பர். அவர்கள் கூறுவதே சரி.

கப்பல் மிதப்பது அதன் வயிற்றிலுள்ள காற்றினால். வயிறு கிழிந்து நீர் புகுந்தால் எத்துணைப் பெரிய கப்பலும் அமிழ்ந்துவிடும். கட்டுமரத்துக்கோ வயிறே இல்லை. நீரைவிட இலேசான மரத் துண்டுகளை அடுக்கிக் கயிற்றினாற் பிணைத்தது அது. அலை மேலே ஏறினால் இடுக்குகளின் வழியே தானே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை. கவிழ்ந்தாலும் மறுபடி திருப்பி ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். கயிறு தேய்ந்திருந்தால் மாற்றுவர். அதாவது ஒவ்வொரு நாளும் அது சோதிக்கப்படுகிறது. ஆங்கிலேயர் இக்கலத்தின் பெயரையே தம் மொழியில் எடுத்துக்கொண்டனர் என்பதை யாவரும் அறிவர். அப்பெயரின் பின்னாலுள்ள அறிவை அறிந்தவர் சிலரே.

மேனாட்டார் இவ்வுண்மையை வேறு வழியிற் கண்டறிந்தனர். 1785ஆம் ஆண்டு இலண்டனில் வண்டி செய்யும் தொழிலினரான லயனல் லூக்கின் என்பவர், தக்கையும் காற்றறைகளும் வைத்த மூழ்காப் படகுக்குக் காப்புரிமை பெற்றார். 1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்தில் 'அட்வென்சர்' என்னும் கப்பல் கரைதட்டியது. கரையிலே பெருங்கூட்டம் பார்த்து நின்றது. மாலுமிகள் ஒவ்வொருவராகக் கடலில் வீழ்ந்து மடிந்தனர். உதவிக்குச் செல்லத் தக்க படகு ஒன்றும் இல்லை. அந்த வெட்கமும் துயரமுமே உயிர்காப்புப் படகைப் பிறப்பித்தன. நல்ல படகு வகுத்துத் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய படகு 1790இற் கடலுக்குச் சென்றது. 1824இல் அந்நாட்டிலே உயிர்காப்புப் படகுகளுக்கென ஒரு தேசிய நிறுவனமே தோன்றியது.

அத்தகைய நாட்டிலிருந்து 1912ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் புறப்பட்ட டைட்டானிக் கப்பலின் கதி என்ன? அதில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் இடம் 1,178 பேருக்கு மட்டுமே. இது ஒரு குறை. இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. 65 பேர் ஏறத்தக்க முதற் படகு 28 பேருடன் இறக்கப்பட்டது. பெரிய கப்பலை விட்டுச் சிறிய படகில் ஏறப் பலர் மனம் கொள்ளவில்லை. ஏற்றுவோருக்கும் தெளிவு போதவில்லை. முடிவில் தப்பியவர் ஏறக்குறைய 700 பேர். இருந்த படகுகளிலேயே இன்னும் பல நூற்றுவருக்கு இடம் வெறுமையாய்க் கிடந்தது. பழகாத கலம் ஆபத்திலே பாதிக் கலமாகிவிடுகிறது. இதன் பின்னரே, 1914இல், எல்லாருக்கும் படகு, படகுப் பயிற்சி என்பன நாடுகளுக்கிடையிலான விதிகளாக வகுக்கப்பட்டன.

கலமே காலனாதல்

கலம் உயிரைக் காக்கும் என்று நம்பி ஏறியவர்க்கு அதுவே காலனாக மாறிய நிகழ்ச்சிகள் எமக்கு அண்மையிலேயே உண்டு.

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு, எமது தீவின் வடபகுதியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் புகுந்த சூறாவளி தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த புகையிரதத்தைக் கடலலை அள்ளிச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகையிரதம் பழுதான ஊர்தியன்று. செலுத்தியவர் குற்றவாளியும் அல்லர். எதிரே கடல் தண்டவாளத்தின்மேல் ஏறிவிட்டதென்று சொல்ல ஒரு மீன் இல்லாமற் போயிற்று. அவ்வளவே.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசெம்பர் 26இல், தென்னிலங்கையில் அக்கதையே பன்மடங்காக மீண்டது. கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் நின்றது. முதல் அலையைக் கண்ட ஊர் மக்கள், பாரமான பெட்டிகள் அசையா என்று நம்பி அவற்றிலே ஏறினர், சிறுவர்களையும் ஏற்றினர். அதனினும் பெரிய அலை வந்து பெட்டிகளை உருட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். பாரம் வேறு, பாதுகாப்பு வேறு என்பதை இதைவிடக் கொடிதாக உணர்த்த இயலாது. கட்டுமரம் அலையோடு எழுந்து தாழ்கிறது. புகையிரதப் பெட்டி அலையை எதிர்த்து நின்று வீழ்கிறது.

அதே நாளில் அலை எமது கரைக்கும் வந்தது. பருத்தித்துறை, கற்கோவளம், மணற்காடு, வடமராட்சி கிழக்கு, அதற்கப்பால் முல்லைத்தீவு என்று கரை நெடுக அழிந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது யாம் கைக்குழந்தைகள். எம்மிற் சிலர் பிறக்கவும் இல்லை. ஆனால் அந்நாளை அறிந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்ட பின்னர் யாம் எண்ணியது ஒன்று. அந்தக் கரையிலே கட்டுமரம் இருந்தது, வள்ளம் இருந்தது, இயந்திரப் படகு இருந்தது. கலத்துக்குப் பஞ்சமில்லை. கடலை அறிந்த மக்களும் அவர்களே. சுமாத்திராவிற் பூமி அதிர்ந்த பின் அலை எம்மை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தையும் கிழவரும்கூட நடந்து நெல்லியடிக்கு வந்துவிடலாம். ஆனால் சொல் வரவில்லை. ஐந்தில் முதல் உறுப்பு இல்லாமையால் மற்றை நான்கும் வீணாயின.

அதிர்ச்சியின் நடுமையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமலூ என்னும் இந்தோனேசியத் தீவின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. அங்கே 1907ஆம் ஆண்டு ஒருமுறை கடல் பொங்கிப் பலரைக் கொன்றது. அதன் பின், பூமி பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். அதற்கு அவர்கள் மொழியில் 'சிமோங்' என்று பெயர். 2004இல், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேர் மாத்திரமே. அவர்களிடம் புதுமையான ஊர்தி எதுவும் இருக்கவில்லை. காலும், பாட்டி சொல்லும், ஏற ஒரு மலையும் இருந்தன.

எமது குடாநாட்டு ஊர்திகள்

ஊழி நீரால் மட்டும் வருவதன்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில், தெற்கில் வாழ்ந்த எம்மவர் கப்பல்களில் ஏற்றப்பட்டு வடக்கே கொண்டுவரப்பட்டனர். கட்டிய வீட்டையும் தேடிய பொருளையும் விட்டு, உடுத்த துணியோடு வந்தவர் பலர். அக்கலங்கள் அகதிகளுக்கென வகுக்கப்பட்டவையல்ல. ஆயினும் அன்று அவையே பேழைகளாயின.

பின்னர் போர்க்காலத்தில், 1990களின் முற்பகுதியில், குடாநாட்டுக்கு வெளியே செல்லத் தரைவழி அற்றபோது கிளாலி நீரேரியே வழியாயிற்று. இருளிலே, விளக்கின்றி, ஓர் இயந்திரப் படகின் பின்னே பல வள்ளங்களைக் கயிற்றினாற் தொடுத்து மக்களை இழுத்துச் சென்றனர். மனுவின் ஓடத்தை மீன் கொம்பிலே கட்டி இழுத்த கதையைக் கேட்கும் போதெல்லாம், கிளாலி கடந்த பெரியோர்களுக்கு அந்தக் கயிறே நினைவுக்கு வரும் என எண்ணுகிறோம்.

எரிபொருட் தடைக்காலத்தில் எம்மவர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் ஓட்டினர். முதலிற் சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை எழும், இருமல் வரும், ஆனால் வண்டி ஓடும். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டனர். ஒரே வண்டி ஊர்தியாகவும் இருந்தது. செய்தி கொணரும் மீனாகவும் இருந்தது. இதனை வகுத்தவர் பொறியியற் பட்டதாரிகள் மட்டுமல்லர். சைக்கிள் திருத்துவோரும், கராச்சிற் பணி செய்தோரும், பாடசாலை மாணவருமே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, மழையிலே, வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். தென்மராட்சியும் வடமராட்சியும் அவர்களை ஏற்றன. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் காரும் லொறியும் அசையாது நின்றபோது துவிச்சக்கர வண்டி நகர்ந்தது. ஏற முடியாத இடத்தில் அதனை உருட்டலாம். உருட்டவும் முடியாவிட்டால் தூக்கலாம். அதன் சட்டத்தில் அரிசி மூட்டை, பின் இருக்கையில் வயோதிபர், கைபிடியிற் குழந்தையின் துணிப்பை. எமது நாட்டின் உயிர்காப்பு ஊர்தி யாது என்று எவரேனும் கேட்பின், கடலிற் கட்டுமரம், தரையில் துவிச்சக்கர வண்டி என்று தயங்காது விடை கூறலாம். இரண்டும் அன்றாடம் பழகியவை. இரண்டும் பழுதானால் வீட்டிலேயே திருத்தத் தக்கவை. இரண்டும் தம்மை ஓட்டுபவனின் உடல் வலிமையையன்றி வேறொன்றையும் வேண்டாதவை.

ஏற்றுபொருளைப் பற்றியும் ஒரு சொல். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுக்குத் தோணி இருக்கவில்லை. ஒரு பிரதி மட்டுமே இருந்த ஏட்டுச் சுவடிகள் இனி எக்காலத்திலும் திரும்பா. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இன்று எமது நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்துக் காத்து வருகிறது. தோணிபுரத்துக் கதையின் கருத்தைச் செயலாக்கும் பணி அதுவே என்போம்.

மலை எங்கே?

ஐந்தாம் உறுப்பு ஒதுங்குமிடம். கீரிமலை என்னும் பெயரிலன்றி எமது குடாநாட்டில் மலை இல்லை. மனு வடமலையை நோக்கினார். யாம் எதனை நோக்குவது?

வங்காள தேசமும் எம்மைப் போன்றே தாழ்ந்த சமநிலம். 1970ஆம் ஆண்டுச் சூறாவளியில் அங்கே மூன்று இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். அதன் பின் அந்நாட்டார் இரண்டு காரியம் செய்தனர். தூண்களின் மேலே உயர்த்திய கட்டடங்களைக் கட்டினர். அவை வழமையான நாட்களிற் பள்ளிக்கூடங்கள், புயல் நாளிற் புகலிடங்கள். ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றினர். அவர்கள் ஒலிபெருக்கியோடு துவிச்சக்கர வண்டியிலும் கால்நடையாகவும் சென்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லுகின்றனர். 2007இல் மிகக் கடுமையான சூறாவளி தாக்கியபோது இறந்தவர் தொகை சில ஆயிரமாகக் குறைந்தது. அதுவும் பெருந்துயரமே, எனினும் மூன்று இலட்சத்தை எண்ணிப் பார்க்க. மலை இல்லாத நாட்டார் தமக்கு மலையைக் கட்டிக்கொண்டனர். மீன் இல்லாத ஊரார் தாமே மீனாயினர்.

எமக்கும் அதுவே வழி. நெல்லியடி கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே, தெருக்கள் கூடும் சந்தியில் அமைந்த ஊர். கடல் பொங்கினாலும் போர் மூண்டாலும் வடமராட்சிக் கரையின் மக்கள் உள்நோக்கியே வந்திருக்கின்றனர். 2004இல் உட்புறத்துப் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களுமே அவர்களுக்கு நிழல் தந்தன. ஆகவே மலை எங்கே என்று யாம் தேட வேண்டியதில்லை. வருபவர்க்கு யாமே மலை.

மலையாயிருப்பதற்கு ஆயத்தம் வேண்டும். எந்த மண்டபத்தில் எத்தனை பேர் தங்கலாம், எந்தக் கிணறு கோடையிலும் நல்ல நீர் தரும், எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், அவரை யார் ஏற்றி வருவது என்பவற்றை எமது சங்கத்து இளைஞர் ஓர் ஏட்டிற் குறித்து ஆண்டுதோறும் திருத்தி வைத்தல் கூடும். கரையோரத்து இளைஞரோடு கூடி ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடந்து பழகுதலும் கூடும். அரசாங்கம் எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவியது; கைத்தொலைபேசிச் செய்திகளும் இன்று உண்டு. ஆனால் எச்சரிக்கை வந்தபின் வாசற் கதவைத் தட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை எம்முடையதாகுக.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். சிமலூத் தீவின் பாட்டிமாரைப் போன்று, நீங்கள் கண்டதை எங்களுக்குச் சொல்லுங்கள். 1964இன் காற்றையும், கிளாலியின் இருளையும், 1995இன் மழையையும், 2004இன் அலையையும் அறிந்தவர்கள் நீங்கள். நீங்கள் பேசாதொழியின் அடுத்த ஊழிக்கு எமக்கு மீன் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், யாம் எழுதி வைக்கிறோம், எமக்குப் பின் வருவோருக்கும் சொல்லுவோம்.